‘ஸ’வுக்கு ஒரு நியூரான், ‘ப’வுக்கு ஒரு நியூரான் என்று உண்டா?

கேட்டவர் வாய்ப்பாட்டு கற்பவர். காதுக்குள் இருக்கும் காக்ளியாவில் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் தனி இடம் உண்டு, மூளையின் மேலுறையில் ஒலியைக் கையாளும் பகுதியான ஆடிட்டரி கார்டெக்ஸிலும் அதே வரிசை தொடர்கிறது என்று படித்திருக்கிறார். “அப்படியென்றால் ஹார்மோனியக் கட்டைகள் மாதிரி ஸவுக்கு ஒரு நியூரான், பவுக்கு ஒரு நியூரான் என்று மூளையில் இருக்குமா? இருந்தால், கட்டையை, அதாவது ‘ஸ’ தொடங்கும் இடத்தை, மாற்றிப் பாடினாலும் அதே ராகமாகக் கேட்கிறதே, அது எப்படி?” என்பது அவருடைய கேள்வி. 432 ஹெர்ட்ஸ் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பார்க்க ஒரே கேள்வியாகத் தெரிந்தாலும் இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கார்டெக்ஸில் இருக்கும் ஒரு நியூரான் அதிர்வெண்ணுக்கு எப்படிப் பதில் தருகிறது என்பது ஒன்று. ஸ்வரம் என்பதே ஓர் அதிர்வெண்தானா என்பது மற்றொன்று. முதலாவதற்கு எண்பது ஆண்டுக்கும் மேலான ஆய்வு இருக்கிறது. இரண்டாவதை மனித மூளையில் நேரடியாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்து அதிக காலமாகவில்லை. என் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக் காலம் முழுக்க எலிகளின் கார்டெக்ஸில் எலக்ட்ரோடு இறக்கி நியூரான்களின் பதிலைப் பதிவு செய்தவன் நான். கர்நாடக இசையில் வெறும் ரசிகன். அதனால் முதல் பாதியைத் தைரியமாகவும் பின்பாதியைக் கொஞ்சம் அடக்கியும் எழுதுகிறேன்.

காதிலிருந்து தொடங்கினால்தான் கார்டெக்ஸ் என்ன செய்கிறது என்பது விளங்கும். காக்ளியா ஒரு சுருண்ட குழாய். அதற்குள் நீளவாக்கில் ஓடும் பேசிலார் சவ்வு மனிதருக்கு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். நுழைவாயில் பக்கம் சவ்வு குறுகி விறைப்பாக இருக்கிறது. உயர்ந்த அதிர்வெண்கள் அங்கே அதை அதிகம் ஆட்டுகின்றன. உள்முனைக்குப் போகப் போக அகன்று தளர்கிறது. தாழ்ந்தவை அங்கே ஆட்டுகின்றன. இதை நேரில் பார்த்து அளந்ததற்காகத்தான் பெகேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. சவ்வின் மேல் வரிசையாக இருக்கும் சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் அந்த ஆட்டத்தை நரம்புச் செய்தியாக்குகின்றன. ஒரு காதிலிருந்து கிட்டத்தட்ட 30,000 இழைகள் அதைச் சுமந்து போகின்றன. ஆக, எந்த அதிர்வெண் எவ்வளவு என்று பிரிக்கும் வேலை காதிலேயே பெருமளவு முடிந்துவிடுகிறது. அதன்பின் மூளைத்தண்டில் சில இடங்களில் இழை மாறி, மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் செய்தி கார்டெக்ஸுக்கு வருகிறது. ஏற்கெனவே பிரித்து வந்ததைத் திரும்பவும் பிரிக்க கார்டெக்ஸ் எதற்கு என்று இங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதருக்கு ஆடிட்டரி கார்டெக்ஸ் மூளையின் பக்கவாட்டில், டெம்போரல் லோப் என்ற பிரிவின் மேல்பரப்பில், ஒரு பெரிய மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. அது இருக்கும் மேட்டுக்கு ஹெஷ்ல் மேடு என்று பெயர். 1942இல் வுல்ஸியும் வால்ஸலும் பூனையின் காக்ளியாவில் ஒவ்வோர் இடமாக மின்சாரம் கொடுத்து, கார்டெக்ஸில் எங்கே பதில் வருகிறது என்று பார்த்தார்கள். காக்ளியாவின் வரிசை அப்படியே கார்டெக்ஸின் மேல் விரிந்திருந்தது. இதைத்தான் டோனோடோபி என்கிறோம். 1965இல் எவான்ஸ், ராஸ், விட்ஃபீல்ட் மூவரும் மயக்க மருந்து கொடுக்காத பூனைகளில் தனித்தனி நியூரான்களைப் பதிவு செய்துவிட்டு, வரிசை நாம் நினைத்த அளவுக்குச் சுத்தமாக இல்லையே என்றார்கள். பத்து வருஷம் இழுபறி. 1975இல் மெர்சனிக் குழு ஒரே பூனையில் நெருக்கமாகப் பல இடங்களில் எலக்ட்ரோடு இறக்கி, வரைபடம் உண்மைதான் என்று காட்டியது. 1982இல் ரோமானி, வில்லியம்சன், காஃப்மன் மூவரும் மனிதத் தலைக்கு வெளியே காந்தப்புலத்தை அளந்து, நமக்கும் அப்படியே என்றார்கள். அதில் பாடகர்களுக்குப் பிடித்தமான ஒரு விஷயம் இருக்கிறது: கார்டெக்ஸின் அளவுகோல் ஹெர்ட்ஸில் இல்லை, ஸ்தாயியில் (அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளியில்) இருக்கிறது. 100இலிருந்து 200 ஹெர்ட்ஸுக்குப் போக எவ்வளவு தூரமோ, 1000இலிருந்து 2000க்குப் போகவும் ஏறத்தாழ அவ்வளவே தூரம். வரைபடம் இருக்கிறது என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை.

அந்த வரைபடத்தில் ஒரு புள்ளியைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். தலைமுடியைவிட மெல்லிய முனையுள்ள எலக்ட்ரோடை மைக்ரான் மைக்ரானாக இறக்குவோம். அதில் வரும் மின்மாற்றத்தை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்போம். முதலில் வெறும் இரைச்சல். நியூரானுக்குப் பக்கத்தில் போனதும் ‘டக், டக்’ என்று தனித்துக் கேட்கும். பிறகு எலியின் காதுக்குச் சின்னச் சின்ன ஒலித்துண்டுகள் போகும். ஒவ்வொன்றும் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நீளம். அதிர்வெண்ணும் சத்தமும் குலுக்கிப்போட்ட வரிசையில் மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு அந்தச் செல் வாயைத் திறக்காது. எட்டு கிலோஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் சடசடவென்று துடிக்கும். எலக்ட்ரோடை அதே துளையில் இன்னும் ஆழமாக இறக்கினால் பெரும்பாலும் அதே அதிர்வெண்தான். எடுத்து, தலையின் முன்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இறக்கினால் எலியில் அதிர்வெண் ஏறும். (எலிக்குக் கேட்கும் எல்லை 500 ஹெர்ட்ஸ் பக்கம்தான் தொடங்குகிறது. ஒரு கட்டை ‘ஸ’வில் அதற்குக் கச்சேரி செய்தால் அடிப்படை ஒலி அதன் காதில் ஏறவே ஏறாது.)

இது வரைக்கும் ஹார்மோனியக் கட்டை மாதிரிதான் தெரிகிறது. ஆனால் பதிவான துடிப்புகளையெல்லாம் படமாகப் போட்டால் படம் மாறுகிறது. குறுக்கே அதிர்வெண், நெடுக்கே சத்தத்தின் அளவு என்று வைத்தால், அந்தச் செல் பதில் தரும் இடம் பெரும்பாலும் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவத்தில் வரும். கேட்டும் கேட்காத சத்தத்தில் எட்டு கிலோஹெர்ட்ஸுக்கு மட்டும் துடிக்கும். அந்த முனையைத்தான் அதன் சிறப்பு அதிர்வெண் என்கிறோம். சத்தத்தைக் கூட்டினால் அதே செல் ஆறுக்கும் துடிக்கும், பத்துக்கும் துடிக்கும். அதாவது இந்த நியூரானுக்குப் பிடித்த அதிர்வெண் ஒன்று உண்டு, பதில் தரும் அதிர்வெண்களோ பல. ஐந்து முறை துடித்தது என்று மட்டும் தெரிந்தால், அது எட்டு கிலோஹெர்ட்ஸ் மெதுவாக வந்ததாலா, பத்து கிலோஹெர்ட்ஸ் பலமாக வந்ததாலா என்று சொல்ல முடியாது. இன்னும் சில செல்கள் சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் வாயை மூடிக்கொள்ளும். வேறு சிலவற்றில், பிடித்த அதிர்வெண்ணோடு பக்கத்து அதிர்வெண்ணையும் சேர்த்து ஒலித்தால் பதில் அடங்கிப்போகும். தனியாக ஒரு செல்லிடம் ‘இது எந்த அதிர்வெண்?’ என்று கேட்டால் தெளிவான பதில் வராது. நிறைய செல்கள் எந்தெந்த அளவில் துடித்தன என்ற மொத்தக் கோலத்தில்தான் பதில் இருக்கிறது. பயிற்சி பெற்ற காது 1000 ஹெர்ட்ஸையும் 1003 ஹெர்ட்ஸையும் பிரித்தறியும். ஒரு செல் பதில் தரும் அதிர்வெண்களின் அகலம் அதைவிடப் பெரிது என்பதால் வேறு வழியும் இல்லை.

மனிதர்கள் இதில் கொஞ்சம் விசேஷம். வலிப்பு நோய்க்கு அறுவை செய்யுமுன், நோய் எங்கே தொடங்குகிறது என்று அறிய மூளைக்குள் எலக்ட்ரோடு வைப்பார்கள். அப்படி வைத்திருந்த நோயாளிகள் சிலரிடம் பதிவு செய்து 2008இல் பிட்டர்மனும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை என் துறையில் பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. சில நியூரான்கள் ஸ்தாயியில் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை, அதாவது ஓர் அரைஸ்வர இடைவெளி அளவுக்கு, கூர்மையாக இருந்தன. வௌவாலைத் தவிர வேறு பாலூட்டிகளில் இந்தக் கூர்மை அதுவரை தெரிந்திருக்கவில்லை. வைத்தது மருத்துவத் தேவைக்காக. வைத்த இடம் மருத்துவர் தீர்மானித்தது. கிடைத்த செல்கள் கொஞ்சம். ஆகவே ‘மனித நியூரான் எல்லாமே இப்படி’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விலங்குகளில் வந்த முடிவுகளுக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய பதிவுகளில் பெரும்பாலானவை மயக்கத்தில் எடுத்தவை. மயக்கத்தில் இருக்கும் செல் ஒலி தொடங்கியதும் ஒருமுறை துடித்துவிட்டு அடங்கிவிடும். விழித்திருக்கும் மார்மொசெட் குரங்குகளில் 2005இல் ஷியாவ்சின் வாங் குழு பார்த்தபோது, செல்லுக்குச் சரியாகப் பிடித்த ஒலியைக் கொடுத்தால் ஒலி நீடிக்கும் வரை அது துடித்துக்கொண்டே இருந்தது. அதேபோல், 2010இல் இரண்டு குழுக்கள் சுண்டெலியில் பல நியூரான்களை ஒரே நேரத்தில் ஒளி நுண்ணோக்கியால் பார்த்தபோது, அடுத்தடுத்து இருக்கும் செல்கள்கூட வெவ்வேறு அதிர்வெண்ணை விரும்பின. தூரத்திலிருந்து பார்த்தால் ஒழுங்கான வரிசை, கிட்டே போனால் கலவை. 1965இல் எவான்ஸ் குழு கிளப்பிய சந்தேகம் முழுக்கத் தப்பில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

செல்லின் பதில் சூழலைப் பொறுத்தும் மாறுகிறது. டேவிட் ஹியூபல் பார்வை ஆய்வுக்காக நோபல் வாங்கியவர். அதற்கு முன்பு, 1959இல், பூனையின் ஆடிட்டரி கார்டெக்ஸில் பூனை கவனித்தால் மட்டுமே பதில் தரும் செல்களைப் பார்த்ததாக அவரும் சகாக்களும் எழுதினார்கள். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் செல் அலுத்துப்போகிறது. நடுவே அபூர்வமாக வேறோர் ஒலி வந்தால் விழித்துக்கொள்கிறது. நெலகன் குழு 2003இல் பூனையில் இதை விரிவாகக் காட்டியது. 1998இல் கில்கார்டும் மெர்சனிக்கும் எலிக்கு ஒன்பது கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுக்கும்போதெல்லாம் மூளையின் அடிப்பகுதியில் கவனத்தோடு தொடர்புடைய ஒரு மையத்தைத் தூண்டினார்கள். சில வாரங்களில் வரைபடத்தில் ஒன்பது கிலோஹெர்ட்ஸின் இடம் பெருத்துவிட்டது. மணிக்கணக்காகத் தம்பூரா ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதற்கான பதில் அடங்கி, அதிலிருந்து விலகும் ஸ்வரங்கள் தூக்கலாகத் தெரிவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். இது என் ஊகம், சோதித்த முடிவு அல்ல.

இனி ஸ்வரத்துக்கு வருவோம். முதலில், குரல் என்பது ஒற்றை அதிர்வெண் அல்ல. 196 ஹெர்ட்ஸில் நீங்கள் பாடினால் 392, 588, 784 என்று அதன் மடங்குகளான மேற்சுரங்களும் சேர்ந்தே வருகின்றன. வரைபடத்தில் பல இடங்கள் ஒரே நேரத்தில் துடிக்கின்றன. அடிப்படை அதிர்வெண்ணை எடுத்தே விட்டாலும் சுருதி, அதாவது நமக்குக் கேட்கும் ஒலியின் உயரம், மாறுவதில்லை. பழைய லேண்ட்லைன் போன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாது. ஆணின் பேச்சுக்குரல் 120 ஹெர்ட்ஸ் பக்கம். அப்படியும் அப்பாவின் குரல் போனில் அப்பாவின் குரலாகத்தான் கேட்டது. மேற்சுரங்களின் இடைவெளியிலிருந்து மூளை அடிப்படையைத் தானே ஊகித்துக்கொள்கிறது. 2005இல் பெண்டரும் வாங்கும் மார்மொசெட்டில் இதற்கென்றே சில செல்களைக் கண்டார்கள். அடிப்படை ஒலி தனியாக வந்தாலும் துடித்தன. அது இல்லாமல் மேற்சுரங்கள் மட்டும் வந்தாலும் துடித்தன. அதிர்வெண் வேறு, சுருதி வேறு என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது கட்டைக் கணக்கு. ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கு ‘ஸ’ ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அவருடைய ‘ப’ அதன் ஒன்றரை மடங்கு, 196. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு ‘ஸ’வே 196. ஆக, அவருடைய பஞ்சமமும் இவருடைய ஷட்ஜமும் ஒரே அடிப்படை அதிர்வெண். வரைபடத்தில் 196இன் பக்கம் இருக்கும் செல்கள் இரண்டுக்கும் ஒரேபோலத்தான் துடிக்கும். உங்களுக்கோ ஒன்று ‘ப’ என்றும் மற்றது ‘ஸ’ என்றும் சந்தேகமில்லாமல் கேட்கிறது. அந்தச் செல்லிடம் ஸ்வரத்தைக் கேட்டுப் பயனில்லை. ஸ்வரம் என்பது ஆதாரமான ‘ஸ’விலிருந்து எவ்வளவு தூரம் என்ற உறவு. அந்த உறவைக் கணக்கிடும் இடத்தைத்தான் தேட வேண்டும்.

அந்த இடம் பற்றிய நல்ல தடயம் 2017இல் வந்தது. டாங், ஹாமில்டன், சாங் மூவரும் வலிப்பு நோயாளிகளின் மூளைமேல் வைத்த எலக்ட்ரோடுகள் வழியே, ஆண் குரலிலும் பெண் குரலிலும் வாக்கியங்களைக் கேட்கவைத்துப் பதிவு செய்தார்கள். ஹெஷ்ல் மேட்டுக்கு வெளியே, பக்கவாட்டு மேற்பரப்பில், சில இடங்கள் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு மட்டும் பதில் தந்தன. அவற்றில் பெரும்பாலானவை எத்தனை ஹெர்ட்ஸ் என்பதைப் பொருட்படுத்தவில்லை. பேசுபவரின் வழக்கமான சுருதியிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதற்கே பதில் தந்தன. பாடகர் மொழியில் சொன்னால், அவை கட்டையைக் கழித்துவிட்டுக் கேட்கின்றன. 2024இல் இதே சாங்கின் ஆய்வகத்திலிருந்து மெட்டு (மெலடி) பற்றிய கட்டுரை வந்தது. சுருதி, சுருதி மாற்றம், அடுத்து என்ன ஸ்வரம் வரும் என்ற எதிர்பார்ப்பு ஆகிய மூன்றும் கார்டெக்ஸில் ஓரளவு தனித்தனி இடங்களில் பதிவாவதாக அது சொல்கிறது. இரண்டுமே மேற்கத்தியப் பேச்சிலும் இசையிலும் செய்தவை. தம்பூராவை ஆதாரமாக வைத்த இசைக்கு இதை அப்படியே பொருத்துவது நியாயம் என்றே நினைக்கிறேன், ஆனால் அது பொருத்திப் பார்ப்பதுதான்.

காது பிரித்த பிறகு கார்டெக்ஸ் எதற்கு என்று முன்பு கேட்டதற்கு இன்னும் பழைய சோதனைகளில் பதில் இருக்கிறது. 1957இல் டைமண்ட், நெஃப் குழுவினர் பூனைகளின் ஆடிட்டரி கார்டெக்ஸை இரண்டு பக்கமும் நீக்கினார்கள். இரண்டு அதிர்வெண்களை வேறுபடுத்தும் வித்தையைப் பூனைகள் மறுபடி கற்றுக்கொண்டன. ஆனால் தாழ்ந்தது-உயர்ந்தது-தாழ்ந்தது என்ற வரிசையையும் உயர்ந்தது-தாழ்ந்தது-உயர்ந்தது என்ற வரிசையையும் பிரித்தறிய அவற்றால் முடியவில்லை. மனிதரிலும் ஜான்ஸ்ரூட், பென்ஹியூன், ஸடோர் 2000இல் காட்டியது இதற்கு நெருக்கம். வலப்பக்க ஹெஷ்ல் மேடு வரை வெட்டி எடுக்கப்பட்டவர்கள் இரண்டு ஒலிகள் வேறு என்று சொல்லிவிட்டார்கள்; இரண்டாவது மேலே போனதா கீழே போனதா என்பதில்தான் தடுமாறினார்கள். அதிர்வெண் அல்ல, அதன் நகர்வும் வரிசையும்தான் கார்டெக்ஸின் பாடு.

நகர்வு என்றதும் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, நினைவுக்கு வரும். நிலையான ஒலிக்குச் சும்மா இருந்து, ஏறும் ஒலிக்கு மட்டும் துடிக்கும் செல்கள் உண்டு. இறங்கும் ஒலிக்கு மட்டும் துடிப்பவையும் உண்டு. விட்ஃபீல்டும் எவான்ஸும் 1965லேயே பூனையில் பார்த்தது. எலியில் தாழ்ந்த அதிர்வெண்ணை விரும்பும் செல்கள் ஏற்றத்தையும், உயர்ந்ததை விரும்புபவை இறக்கத்தையும் விரும்புகின்றன என்று 2003இல் தெரிந்தது. தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்காமல் அசைந்தே ஸ்வரமாவதைக் கேட்டால் இந்தச் செல்கள்தான் எனக்கு ஞாபகம் வரும். ஆனால் ஆய்வகத்தில் நாங்கள் ஒலிக்கும் ஏற்ற இறக்கங்கள் எந்தக் கமகத்தையும்விடப் பல மடங்கு வேகமானவை. ஆகவே ‘கமக நியூரான்’ என்று யாரும் பெயர் சூட்டிவிட வேண்டாம்.

இன்னும் தீராத சண்டைகளையும் சொல்லிவிடுகிறேன். மனித மூளையில் வரைபடம் ஹெஷ்ல் மேட்டின் நீளவாக்கில் ஓடுகிறதா, குறுக்கே ஓடுகிறதா என்று எஃப்எம்ஆர்ஐ (மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் ஸ்கேன்) குழுக்களுக்குள் வருஷக்கணக்கில் வாக்குவாதம். குறுக்கே என்ற பக்கம்தான் இப்போது பலம் அதிகம். மத்திய ஸ்தாயி ‘ஸ’வும் தார ஸ்தாயி ‘ஸ’வும் ஏன் ஒன்றாகக் கேட்கின்றன என்பதற்கும் முடிவான விடை இல்லை. ஒரு ஸ்தாயி இடைவெளியில் இரண்டு அதிர்வெண்களுக்குப் பதில் தரும் இடங்களை மனிதரில் 2013இல் மோரெல் குழு கண்டது. குரங்கில் மேற்சுர உறவுள்ள பல அதிர்வெண்களை விரும்பும் செல்கள் உண்டு. அடித்தளம் இதுவாக இருக்கலாம். இசைக்கலைஞர்களின் மூளையில் இசை ஒலிக்கான பதில் பெரிது என்பது 1998லிருந்தே பதிவானது. ஆனால் பயிற்சியால் பெருத்ததா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள் இசைக்கு வந்தார்களா என்பதை அந்த வகை ஒப்பீட்டால் பிரிக்க முடியாது.

கடைசியாக 432 ஹெர்ட்ஸ். மேற்கத்திய இசையின் பொது அளவான 440க்குப் பதில் 432இல் சுருதி சேர்த்தால் மூளை செல்கள் குணமடையும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு; ஓர் அரைஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. பேச்சுச் சத்த அளவில் 440க்குத் துடிக்கும் நியூரான்களில் பெரும்பாலானவை 432க்கும் துடிக்கும். கேட்கும்போது வித்தியாசம் தெரியும், அது மொத்தக் கோலம் லேசாக நகர்வதால். 432க்கு மட்டும் காத்திருக்கும் விசேஷச் செல் எதையும் யாரும் பார்த்ததில்லை. கர்நாடக இசையில் 440க்கும் கட்டாயமில்லை, 432க்கும் கட்டாயமில்லை. உங்கள் குரலுக்கு எந்தக் கட்டை சௌகரியமோ அதில் தம்பூராவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.